நிலத்தடியில் கிடைத்த வைரம் யாருக்கு?

நம் குடும்ப நிலத்தில் ஒரு புதையல் கிடைத்தால் நாம் என்ன செய்வோம்? அடுத்தவருக்குத் தெரியாமல் பாதுகாக்கவே நம் மனம் முதலில் நினைக்கும். ஆப்பிரிக்க நாடான போட்சுவானாவின் முதல் அரசுத்தலைவர் செரெட்சே காமா அவர்களின் வாழ்வு, இதற்கு வேறொரு பதிலைத் தருகிறது.

1921ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி, செரோவே என்ற ஊரில், பாமங்வாட்டோ இனத்தின் தலைமைக் குடும்பத்தில் பிறந்தார் அவர். நான்கு வயதில் தந்தையை இழந்தார். வளரும்வரை சிற்றப்பா தலைமைப் பொறுப்பைக் கவனித்துக்கொண்டார். இங்கிலாந்தில் சட்டம் பயின்றபோது, 1948இல், ரூத் வில்லியம்ஸ் என்ற வெள்ளையினப் பெண்ணை மணந்தார். நிறவெறிக் கொள்கையைக் கொண்டிருந்த அண்டைநாடு தென்னாப்பிரிக்கா கொதித்தெழுந்தது. அதைப் பகைத்துக்கொள்ள விரும்பாத பிரித்தானிய அரசு, அவரைச் சொந்த மண்ணிலிருந்தே விலக்கி வைத்தது. தலைமைப் பதவிக்கான உரிமையைத் துறந்த பிறகுதான், 1956இல் சாதாரண குடிமகனாக அவர் ஊர் திரும்பினார்.

1966 செப்டம்பர் 30 அன்று போட்சுவானா விடுதலை பெற்றபோது, மக்கள் அவரையே தலைவராகப் பெற்றிருந்தனர். கடும் வறட்சி, ஏழ்மை. நாடு முழுவதிலும் தார்ச்சாலை சுமார் 12 கிலோமீட்டர் மட்டுமே. இந்நிலையில், 1967இல் ஒராப்பா என்ற இடத்தில் வைரம் கண்டுபிடிக்கப்பட்டது. அது அவருடைய சொந்த இனத்தவரின் நிலப்பகுதி!

தம் இனத்துக்கே அந்தச் செல்வம் என்று அவர் சொல்லியிருந்தால், வியந்திருப்பவர் சிலரே. ஆனால் அதே 1967ஆம் ஆண்டில், நிலத்தடிக் கனிமங்களின் உரிமை எந்த ஓர் இனத்துக்கும் அல்ல, நாடு முழுவதற்கும் உரியது என்று அவரது அரசு சட்டம் இயற்றியது. பிற நாடுகளில் கனிம வளமே இனக் கலவரத்துக்குக் காரணமானதை நாம் அறிவோம். போட்சுவானாவில் அது நடக்கவில்லை.

அத்துடன் அவர் நின்றுவிடவில்லை. டி பியர்ஸ் நிறுவனத்துடன் தொடங்கிய சுரங்க நிறுவனத்தில் அரசின் பங்கு முதலில் 15 விழுக்காடுதான். மீண்டும் பேச்சுவார்த்தை நடத்தி, 1975இல் அதை 50 விழுக்காடாக உயர்த்தினார். அந்த வருவாய் பள்ளிகளாகவும், மருத்துவ நிலையங்களாகவும், சாலைகளாகவும் மக்களைச் சென்றடைந்தது. 1980 ஜூலை 13 அன்று, 59ஆம் வயதில் அவர் இறந்தார். வருங்காலத் தலைமுறைக்காக வைர வருவாயின் ஒரு பகுதியைச் சேமிக்கும் நிதியம் 1994இல் உருவானது. அதன் பெயர் 'புலா'. அந்நாட்டு மொழியில் மழை என்று பொருள். ஆசீர் என்றும் பொருள்.

அங்கு எல்லாம் நிறைவாகிவிட்டது என்று நாம் சொல்லவில்லை. ஏழை, பணக்காரர் இடைவெளி இன்னும் பெரிதாகவே உள்ளது. ஒரே வளத்தை நம்பியிருந்ததால், 2024இல் வைர விற்பனை சரிந்தபோது நாடு தடுமாறியது. ஆயினும், ஒரு நல்ல தொடக்கம் எத்தனை குடும்பங்களுக்கு வாழ்வளிக்கும் என்பதை அந்நாடு காட்டியுள்ளது.

அதே 1967ஆம் ஆண்டில்தான், திருத்தந்தை ஆறாம் பவுல், மக்களின் முன்னேற்றம் பற்றிய தம் சுற்றுமடலை வெளியிட்டார். படைப்பின் நன்மைகள் அனைவருக்கும் உரியவை, தனிச்சொத்துரிமை அதற்கு மேற்பட்டதல்ல என்று அதில் நமக்கு நினைவூட்டினார். லூக்கா நற்செய்தியில் வரும் அறிவற்ற செல்வன், நிலம் நன்றாய் விளைந்ததும் தனக்காகப் பெரிய களஞ்சியம் கட்ட நினைத்தான். அயலாரை அவன் நினைக்கவே இல்லை.

நாம் நாட்டை ஆள்பவர்கள் அல்ல. ஆனால் நம் பங்கின் நிதி, ஊர்ப் பொதுக் கிணறு, அன்பிய உண்டியல், குடும்பச் சொத்து இவையெல்லாம் நம் கைகளில் ஒப்படைக்கப்பட்டுள்ளன. அவற்றைக் கையாளும்போது, 'எங்களுக்கு' என்கிறோமா, 'எல்லாருக்கும்' என்கிறோமா? தனக்குரியதை இழந்தும் கசப்படையாமல், கிடைத்ததைப் பகிர்ந்தளித்த இந்த மனிதரைப் போல், நாமும் நல்ல கண்காணிப்பாளர்களாய் வாழ இறைவனிடம் வரம் கேட்போம்.