நிழலைப் படமாக்கிய மேதை: விஞ்ஞானி ஜி.என். இராமச்சந்திரன்

மனித உடலின் உட்புறத்தைக் கத்தி படாமல் காண வேண்டும் என்பது மருத்துவத்தின் நெடுநாளைய வேட்கையாகும். 1895ஆம் ஆண்டு ஜெர்மானிய அறிஞர் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். அதன்பின் எலும்பு முறிவும் நுரையீரல் நோயும் படத்தில் தெரியலாயின. ஆயினும் அப்படம் ஒரு நிழலே. முன்னும் பின்னும் உள்ள உறுப்புகள் அதில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துவிடும். மூளைக்குள் வளரும் கட்டி எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்பதை அந்நிழல் காட்டாது. இக்குறையைப் போக்க வந்ததே சி.டி. ஸ்கேன் கருவி. அதற்கு உதவிய கணித முறையைச் சிறப்புற வகுத்தளித்தவர்களுள் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் பணியாற்றிய விஞ்ஞானி ஜி.என். இராமச்சந்திரன் ஆவார்.

அவர் 1922ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தையார் கல்லூரியில் கணிதப் பேராசிரியர். ஆகவே கணிதம் அவருக்கு வீட்டிலேயே கிடைத்த செல்வமாயிற்று. திருச்சி தூய வளனார் கல்லூரியில் பௌதிகம் பயின்று, 1942இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சேர்ந்தார். முதலில் அவர் சேர்ந்தது மின் பொறியியல் துறையில். அவருடைய ஆற்றலைக் கண்ட சர் சி.வி. இராமன் அவரைப் பௌதிகத் துறைக்கு அழைத்துக்கொண்டார். பின்னர் அவர் இங்கிலாந்து சென்று, 1947 முதல் 1949 வரை கேம்பிரிட்ஜில் எக்ஸ் கதிர்களைக் கொண்டு படிகங்களை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றார்.

1952ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் பௌதிகத் துறைக்கு ஒரு தலைவரைத் தேடினார். இராமனின் பரிந்துரையால் அப்பொறுப்பு இராமச்சந்திரனுக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது முப்பதைத் தொடவில்லை.

அங்கே அவர் எடுத்துக்கொண்ட பொருள் கொலாஜன் என்னும் புரதம். தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றுக்கு உறுதி தருவது இதுவே. மாட்டுத்தோல் பதனிடப்பட்டுச் செருப்பாகவும் பறையாகவும் உழைப்பதும் இப்புரதத்தின் வலிமையால்தான். அதன் அமைப்பு அந்நாளில் உலகுக்குத் தெளிவாகத் தெரியாதிருந்தது. அருகிலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காருவின் வால் தசைநாணைப் பெற்று, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து எக்ஸ் கதிர்ப் படங்கள் எடுத்து ஆராய்ந்தார். கொலாஜன் மூன்று சுருள் இழைகள் சேர்ந்த அமைப்புடையது என்று 1954இல் இருவரும் அறிவித்தனர். தோலைத் தொட்டுத் தொழில் செய்தவர்களைத் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கிய நாடு இது. அந்தத் தோலின் உட்பொருளே இந்நாட்டு விஞ்ஞானி ஒருவருக்கு உலகப் புகழ் தேடித் தந்தது என்பதை நம் இளைஞர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

அவர் காட்டிய அமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்று வெளிநாட்டு அறிஞர்கள் குறை கூறினர். அவர் சோர்ந்துவிடவில்லை. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதையே புதிதாக ஆராயத் தொடங்கினார். இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் அவர் வெளியிட்ட வரைபடம் இன்றும் இராமச்சந்திரன் வரைபடம் என்றே உலகெங்கும் வழங்குகிறது. குறை கூறப்பட்ட இடத்திலிருந்தே அவருடைய பெரும் படைப்பு ஒன்று முளைத்தது.

1970இல் சென்னையை விட்டுப் பெங்களூர் சென்றவர், அங்கு மூலக்கூறு உயிர்ப்பௌதிகப் பிரிவை நிறுவினார். மறு ஆண்டு, ஏ.வி. இலட்சுமிநாராயணனுடன் இணைந்து, நிழற்படங்களிலிருந்து உருவத்தை மீட்கும் வழியைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்.

அவ்வழியை எளிதாகச் சொல்லலாம். ஒரு பொருளைச் சுற்றிப் பல கோணங்களில் நிழல் எடுக்கிறோம். ஒவ்வொரு நிழலையும் அது வந்த திசையிலேயே திரும்பப் பரப்பி, எல்லாவற்றையும் கூட்டினால் பொருளின் உருவம் தோன்றும். ஆனால் விளிம்புகள் மங்கி, பனிமூட்டத்தில் பார்ப்பது போலிருக்கும். இம்மங்கலைப் போக்க ஃபூரியே மாற்றம் என்னும் நீண்ட கணக்கைச் செய்ய வேண்டியிருந்தது. அக்காலக் கணிப்பொறிகளுக்கு அது பெருஞ்சுமை. பரப்புவதற்கு முன்பே ஒவ்வொரு நிழலையும் ஒரு வகைப் பெருக்கல் கூட்டலால் திருத்திக்கொண்டால் தெளிவான உருவம் விரைவில் கிடைக்கும் என்று இருவரும் காட்டினர். வானொலி வானியலில் பிரேஸ்வெல் என்பவர் 1967இல் இதையொத்த வழியைக் கண்டிருந்தார். எனினும் எக்ஸ் கதிர்ப் படங்களுக்கு இதனைத் தெளிவாக எடுத்துரைத்த சிறப்பு இவர்களுடையது. அந்தத் திருத்தத்துக்கு இருவர் பெயரையும் சேர்த்து ராம்-லாக் வடிகட்டி என்றே இன்றும் பெயர்.

அதே 1971ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், லண்டன் மருத்துவமனை ஒன்றில் ஹவுன்ஸ்ஃபீல்டு அமைத்த கருவி முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. அக்கருவி தொடக்கத்தில் வேறு கணக்கு முறையைக் கையாண்டது. பின்வந்த கருவிகளில் திருத்திப் பரப்பும் முறையே பல பத்தாண்டுகள் ஆட்சி செய்தது. 1979ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மாக்குக்கும் வழங்கப்பட்டது. இராமச்சந்திரனுக்கு அப்பரிசு கிட்டவில்லை. 1961இல் பட்நாகர் விருதும், 1977இல் லண்டன் ராயல் சங்க உறுப்பினர் பதவியும், 1999இல் படிகவியலுக்கான எவால்டு பரிசும் அவரை வந்தடைந்தன. இறுதிக் காலத்தில் நோயால் வருந்தி, 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையில் காலமானார்.

இரும்பையிலிருந்து நோயுற்ற உறவினரை முண்டியம்பாக்கத்துக்கும் புதுவைக்கும் அழைத்துச் செல்கிறோம். ஸ்கேன் எடுத்து வரச் சொன்னால், படம் வரும்வரை நெஞ்சம் பதைக்கக் காத்திருக்கிறோம். தலையில் அடிபட்டவருக்கு இரத்தக் கசிவு உண்டா, கட்டி மருந்தால் சுருங்கியதா என்று அந்தப் படம் சொல்லும். அதன் பின்னே ஒரு கணக்கு இருக்கிறது. அக்கணக்கில் நம் நாட்டு ஆசிரியர் ஒருவரின் உழைப்பு இருக்கிறது.

இராமச்சந்திரனுக்குக் கணிதம் கற்பிக்க வீட்டில் தந்தை இருந்தார். நம் பிள்ளைகள் பலருக்கு அந்த வாய்ப்பு இல்லை. பள்ளியின் வாசலைக்கூட மிதிக்க விடப்படாத தலைமுறைகளின் வழி வந்தவர்கள் நாம். வீட்டில் இல்லாத அந்த ஆசிரியரை ஊரில் உண்டாக்குவதே கல்விச் சங்கத்தின் கடமை. கணிதம் நமக்கு வராது என்று எவரேனும் சொன்னால் அதை நம்ப வேண்டாம். படம் எடுப்போராகவும், அதைப் பார்த்து நோய் கூறும் மருத்துவராகவும், அக்கருவியையே செம்மைப்படுத்தும் ஆராய்ச்சியாளராகவும் நம் இளைஞரும் இளம் பெண்களும் உயர வேண்டும். அடுத்த தலைமுறை எழுதும் மலரில் அவர்களுடைய வரலாறும் இடம்பெறட்டும்.