மெக்கான்கி என்றொரு டாக்டர்

நம் கல்லூரியில் சிவில் படித்தவர்கள் பப்ளிக் ஹெல்த் லேபை மறந்திருக்க மாட்டார்கள். ஊதா நிற மெக்கான்கி பிராத் மஞ்சளாகி, உள்ளே கவிழ்த்து வைத்த குட்டி டியூபில் காற்றும் சேர்ந்திருந்தால், தண்ணீரில் கோலிஃபார்ம் இருக்கலாம் என்று ரெக்கார்டில் எழுதுவோம். மெக்கான்கி என்பது ஏதோ கெமிக்கல் பெயர் என்றே பலரும் நினைக்கிறார்கள். அது ஒரு டாக்டரின் பெயர்.

ஆல்ஃபிரட் தியோடர் மெக்கான்கி 1861-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜிலும் லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியிலும் மருத்துவம் படித்தார். 1898-ல் கழிவுநீரை எப்படி அகற்றுவது என்று ஆராய பிரிட்டிஷ் அரசு ஒரு ராயல் கமிஷன் அமைத்தது. (நாம் உருப்போட்ட 5 நாள் பி.ஓ.டி.யும், 20-30 அளவும் இதே கமிஷன் 1912-ல் தந்தவைதான்!) அந்தக் கமிஷனுக்காக லிவர்பூலில் பாக்டீரியா ஆராய்ச்சி செய்தார் மெக்கான்கி.

அவர் முன்னால் இருந்தது சுலபமான வேலை இல்லை. மலத்திலும் சாக்கடையிலும் கோலி கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கும். டைஃபாய்டு கிருமி, அதாவது இன்று சால்மொனெல்லா டைஃபி என்கிறோமே அது, கொஞ்சமே இருக்கும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இரண்டுமே குச்சிதான். அப்போது அதிகம் புழங்கிய ஜெலட்டின் மீடியமோ உடல் சூட்டில் உருகிவிடும்.

மெக்கான்கி யோசித்தது ஒரு பொறியாளர் யோசிப்பது போலத்தான் எனக்குப் படுகிறது. குடலில் வாழும் கிருமிக்குப் பித்தநீர் பழகியிருக்க வேண்டும். அப்படியானால் மீடியத்தில் பித்த உப்பைச் சேர்த்தால், பித்தம் பழகாத பலவும் அங்கேயே நின்றுவிடும். இது முதல் சல்லடை. அடுத்து லாக்டோஸ், நம் பால் சர்க்கரை. கோலி அதைப் புளிக்க வைத்து அமிலம் உண்டாக்கும். டைஃபாய்டு கிருமி அதைத் தொடாது. 1900-ல் இதை வெளியிட்டார். முதலில் அதில் சாயம் கிடையாது. அமிலம் பட்டுப் பித்த உப்பு திரிந்து, கோலி காலனியைச் சுற்றி மங்கலாகத் தெரியும். வேறு இருவர் சொன்ன நியூட்ரல் ரெட் சாயத்தைப் பிறகு இவரும் எடுத்துக்கொண்டார். அதனால்தான் இன்று கோலி இளஞ்சிவப்பாகவும், சால்மொனெல்லா நிறமில்லாமலும் தெரிகின்றன.

1901-ல் லிஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்தார். பிறகு எல்ஸ்ட்ரீயில் அதன் சீரம் பிரிவைக் கவனித்தார். 1926-ல் ஓய்வு, 1931-ல் மறைவு.

அவருடைய மீடியத்தில் ஒரு குறை உண்டு. கோலியும் அதில் தாராளமாக வளரும். நோயாளியின் மல சாம்பிளில் நூறு சிவப்புக் காலனிக்கு நடுவே ஒரு வெள்ளைக் காலனியைத் தேடுவது லேசுப்பட்ட காரியமா? அதற்காகத்தான் 1920-களில் வில்சன், பிளேர் இருவரும் பிஸ்மத் சல்ஃபைட் அகார் செய்தார்கள். அதில் டைஃபாய்டு காலனி உலோகப் பளபளப்போடு கறுப்பாக வரும். 1935-ல் லெய்ஃப்சனின் டிஆக்ஸிகோலேட் சிட்ரேட், 1965-ல் எக்ஸ்.எல்.டி. என்று சல்லடைக் கண் சிறியதாகிக்கொண்டே வந்தது. கண் ரொம்பச் சிறிசானால் தேடுகிற கிருமியும் சிக்காமல் போகலாம், அதுதான் சிக்கல். ஆகவே எது சிறந்த மீடியம் என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. செலினைட் பிராத்தில் முதலில் பெருக்கி, மென்மையானது ஒன்று, கடுமையானது ஒன்று என இரண்டு தட்டுகளிலாவது தேய்த்துப் பார்ப்பது பல லேப்களில் வழக்கம்.

இதில் ஏன் இத்தனை கவனம் என்றால், காய்ச்சல் விட்ட பிறகும் சிலருக்கு இந்தக் கிருமி பித்தப்பையிலேயே வருடக்கணக்கில் குடியிருக்கும். அவர் திடமாகத்தான் இருப்பார், ஓட்டலில் சமையலும் செய்வார். அவருடைய சாம்பிளில் ஒன்றும் இல்லை என்று ரிப்போர்ட் வந்துவிட்டால், அடுத்த நாளே அடுப்படிக்குத் திரும்பிவிடுவார். வெள்ளைக் காலனி கிடைத்தாலும் அவசரப்பட முடியாது; ஷிகெல்லாவும் அப்படித்தான் தெரியும். பயோகெமிக்கல் டெஸ்ட், சீரம் டெஸ்ட் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் லேப்காரர் கையெழுத்துப் போடுவார்.