பிஜிபி ஹாலுக்குப் பின்னால் ஒரு மனிதர்



சிராங்கூன் ரோட்டில் இருக்கும் ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலுக்கு ஒருமுறையாவது போகாதவர்கள் நம்மில் குறைவு. தைப்பூசத்தன்று பால்குடமும் காவடியும் அங்கிருந்துதான் புறப்பட்டு, டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்குப் போகின்றன. தீமிதி ஊர்வலமும் அங்கேதான் தொடங்கி, சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலில் முடிகிறது. கோயிலை ஒட்டியுள்ள மண்டபத்தில் எத்தனை கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டிருப்போம்! பத்திரிகை வந்ததுமே, பிஜிபி ஹால்தானே என்று வீட்டில் பெரியவங்க கேட்பாங்க.

சரி, அந்த பிஜிபி யார்?

பி. கோவிந்தசாமி பிள்ளை. 1887இல் தமிழ்நாட்டில் பிறந்தவர். 1905இல், ஏறக்குறைய 18 வயதில், கப்பலேறி சிங்கப்பூர் வந்தார். நம்மில் பலர் தேசிய சேவைக்கோ பலதுறைத் தொழிற்கல்லூரிக்கோ போகிற வயசு அது. அவரை வரவேற்க இங்கே சொத்தும் இல்லை, செல்வாக்கும் இல்லை. சிராங்கூன் ரோட்டில் ஒரு மளிகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். வியாபாரத்தை அவர் கற்றுக்கொண்டது அந்தக் கடையில்தான்.

ஒரு வருஷம், இரண்டு வருஷத்தில் அவர் முதலாளி ஆகிவிடவில்லை. வந்து 24 வருஷம் கழித்து, 1929இல்தான், ஒரு செட்டியாரிடம் கடன் வாங்கி, தான் வேலை பார்த்த கடையைச் சொந்தமாக்கிக்கொண்டார். அந்தக் காலத்தில் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் உட்கார்ந்து வட்டித் தொழில் செய்த செட்டியார்கள், ஆளின் நாணயத்தைப் பார்த்துத்தான் பணம் கொடுப்பார்கள். 24 வருஷ உழைப்பில் அவர் சேர்த்து வைத்த பெரிய சொத்து அந்த நாணயம்தான் என்று சொல்லலாம்.

அவர் கடை வாங்கிய நேரத்தையும் கவனியுங்கள். அதே 1929இன் கடைசியில் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. உலகமே பொருளாதார மந்தத்தில் விழுந்தது. ரப்பர் விலை படுத்ததால், மலாயாத் தோட்டங்களில் வேலை போன ஆயிரக்கணக்கான தமிழர்கள் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அப்படிப்பட்ட காலத்திலும் பிஜிபி கடை நின்றது, வளர்ந்தது. மளிகையோடு துணிக்கடைகள் வந்தன, மாவும் மசாலாவும் அரைக்கும் ஆலை வந்தது. சேலை எடுக்கணும்னா பிஜிபி கடை என்கிற அளவுக்குப் பெயர் பரவியது. இந்திய வர்த்தகச் சங்கத்தை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். அரசாங்கம் அவருக்கு ஜே.பி. பட்டம் கொடுத்தது.

இதோடு நின்றிருந்தால் அவர் ஒரு வெற்றிகரமான வியாபாரி, அவ்வளவுதான். அப்படி நிறைய பேர் இருந்தார்கள், அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. அவர் பெயர் இன்றும் நம் வாயில் வருவதற்குக் காரணம், சம்பாதித்ததை அவர் எங்கே வைத்தார் என்பதுதான்.

பெருமாள் கோயிலில் அவர் கட்டிக்கொடுத்த திருமண மண்டபம் 1965 ஜூன் மாதம் திறக்கப்பட்டது. திறந்து வைத்தவர், அப்போது சிங்கப்பூர் மாநிலத் தலைவராக இருந்த யூசோஃப் இஷாக். நம் பர்ஸில் இருக்கும் வெள்ளி நோட்டுகளில் படமாக இருக்கிறாரே, அவரேதான். சிங்கப்பூர் தனி நாடாவதற்கு இரண்டு மாதம்கூட இல்லாத நேரம் அது. கம்பத்து வீடுகளையும் கடைவீடுகளையும் விட்டு மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்கு மாறத் தொடங்கியிருந்தார்கள். முற்றத்தில் பந்தல் போட்டுக் கல்யாணம் செய்து பழகியவர்களுக்கு, புளோக் வீட்டில் முற்றம் ஏது? சாமி சன்னிதியை ஒட்டியே ஒரு மண்டபம் கிடைத்தது, கல்யாணம் செய்ய வேண்டிய குடும்பங்களுக்கு எவ்வளவு பெரிய உதவி என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது ராஜகோபுரம். சிராங்கூன் ரோட்டில் கண்ணில் படுகிற, ஐந்து நிலைகள் கொண்ட, சுமார் 20 மீட்டர் உயரக் கோபுரம். 1850களில் தோன்றிய அந்தக் கோயில், 1978இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு அடுத்த வருஷம் கோபுரம் முழுமை பெற்றது. அதற்கும் பெரும் பொருள் கொடுத்தவர் கோவிந்தசாமி பிள்ளைதான். அப்போது அவருக்கு 90 வயதுக்கு மேல். மறு வருஷம், 1980இல், அவர் காலமானார்.

அந்தக் கோபுர நிழலில் அவர் இருந்தது ஒரு வருஷம்தான். நாம் நாற்பது வருஷத்துக்கும் மேலாக அதன் கீழே நடந்துகொண்டிருக்கிறோம். அந்த மண்டபத்தில் தாலி கட்டிய ஆயிரமாயிரம் பேரில் பெரும்பாலோரை அவர் பார்த்ததே இல்லை. யாரென்று தெரியாதவர்களுக்குக் கொடுப்பதைத்தான் நம் முன்னோர் தர்மம் என்றார்கள். திருப்பி ஒரு நன்றியாவது வரும் என்று எண்ணிக் கொடுத்தால், அதுவும் ஒருவகை வியாபாரமே.

நமக்கு அவ்வளவு வசதி இல்லையே என்று தோன்றலாம். நியாயம்தான். ஆனால் 1905இல் அவருக்கும் இல்லை. அவரிடம் முதலில் இருந்தது உழைப்பும் நாணயமும். அந்த இரண்டும் நம்மிடமும் இருக்க முடியும். கோயிலில் அன்னதானம் பரிமாறலாம், துணைப்பாட வகுப்பில் ஒரு பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தரலாம், முதியோர் இல்லத்துக்கு மாதம் ஒருமுறை போகலாம். தொண்டூழியம் தொடங்க வங்கிக் கணக்கு நிறைய வேண்டியதில்லை.

இன்னும் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேக்கா பக்கம் போனால், ஊரிலிருந்து வேலைக்கு வந்த தம்பிகள் கூட்டம் கூட்டமாகப் புல்தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறோம். நம்மில் சிலர் கூட்டம் அதிகம் என்று முகம் சுளித்து ஒதுங்கிப் போகிறோம். 1905இல் இதே ரோட்டில் கையில் ஒன்றுமில்லாமல் நின்ற 18 வயதுப் பையனை யாரோ ஒரு கடைக்காரர் உள்ளே அழைத்து வேலை கொடுத்தார். அவரும் முகம் சுளித்திருந்தால், நமக்கு அந்த மண்டபமும் இல்லை, கோபுரமும் இல்லை.

அடுத்த முறை பிஜிபி ஹாலுக்குப் போகும்போது, வாசலில் ஒரு நிமிஷம் நின்று அவரை நினைத்துக்கொள்வோம். வெளியே வந்ததும், எதிரே வருகிற ஒரு தம்பியைப் பார்த்துச் சிரித்து, சாப்டீங்களா என்று கேட்போம்.