சிறுவரை நம்பிய தளபதி
சாரணியத்தின் தந்தை பேடன் பவல் பிரபு

பாடசாலை விடுமுறை நெருங்கும்போது எமது பங்குகளிலும் கல்லூரிகளிலும் சாரணர் பாசறை பற்றிய பேச்சு எழுகின்றது. கூடவே பெற்றோர் மனதில் ஒரு தயக்கமும் எழுகின்றது. பத்து வயதுப் பிள்ளையை ஓர் இரவு வீட்டுக்கு வெளியே விடலாமா என்பதே அது. இத்தயக்கத்தை எள்ளி நகையாட எவருக்கும் உரிமையில்லை. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்தை விட்டுக் கால்நடையாகத் தென்மராட்சி நோக்கிப் புறப்பட்ட குடும்பங்கள் இன்றும் எம்மிடையே உள. மரத்தடியில் உறங்குவது அவர்களுக்கு விளையாட்டன்று. இடம்பெயர்ந்த நாள்களின் நினைவு. ஆயினும், முதலாவது சாரணர் பாசறையை நடத்திய மனிதரின் வாழ்வை அறிந்தால், அந்த ஓரிரவின் பயன் என்னவென்பது விளங்கும்.

தந்தையை இழந்த பிள்ளை

றொபேட் பேடன் பவல் 1857 பெப்ரவரி 22இல் இலண்டனில் பிறந்தார். தந்தையார் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் கேத்திரகணிதப் பேராசிரியர். அங்கிலிக்கன் சபைக் குருவானவரும் ஆவார். பிள்ளைக்கு மூன்று வயதாக இருந்தபோது அவர் காலமானார். விதவைத் தாயார் பெரிய குடும்பமொன்றைத் தனியே தாங்கினார். எனினும் அச்சத்தினால் பிள்ளைகளை வீட்டுக்குள் பூட்டி வைக்கவில்லை. விடுமுறை நாள்களில் மூத்த சகோதரர்கள் தம்பியையும் கூட்டிக்கொண்டு படகில் பயணஞ்செய்தனர்.

சாட்டர்ஹவுஸ் பாடசாலையில் அவர் கெட்டிக்கார மாணவர் அல்லர். ஆனால் பாடசாலையை அடுத்திருந்த பற்றைக்காட்டில் முயல் பிடித்து, ஆசிரியர் கண்ணில் புகை படாதபடி சிறு நெருப்பு மூட்டிச் சமைக்கக் கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் உலகமெங்கும் சிறுவருக்குக் கற்பித்த வித்தைகள் பல அந்தப் பற்றைக்காட்டில் தொடங்கியவையே.

போரின் நடுவே

1876இல், பத்தொன்பது வயதில், குதிரைப்படை அதிகாரியாக இந்தியா வந்தார். தம் வீரரைச் சிறு குழுக்களாகப் பிரித்து, காலடித் தடம் பார்க்கவும், நட்சத்திரங்களைக் கொண்டு திசை அறியவும் பழக்கினார். பின்னர் ஆபிரிக்காவில் பல காலம் பணிபுரிந்தார்.

1899 ஒக்டோபர் தொடக்கம் 1900 மே வரை 217 நாள்கள் தென்னாபிரிக்காவின் மஃபெக்கிங் நகரம் முற்றுகையிடப்பட்டிருந்தது. அதைக் காத்த தளபதி பேடன் பவலே. அங்கு சிறுவர் அணியொன்று செய்தி கொண்டுசெல்லும் வேலையைச் செய்தது. பொறுப்பை ஒப்படைத்தால் சிறுவர் அதைத் தாங்குவர் என்பதை அவர் அங்கே கண்டார். ஆனால் சிறுவரைப் போருக்குள் இழுப்பதன் கொடுமையை அறிந்த எமது மண், இதைப் புகழ்ந்துவிட்டுப் போக முடியாது. முற்றுகையின்போது உணவுப் பங்கீட்டில் ஆபிரிக்க மக்கள் அதிகம் வாடினர் என்ற குற்றச்சாட்டும் அவர்மீது உண்டு. அவர் குறையற்ற மனிதர் அல்லர். எனினும் போரிலே கண்டதைச் சமாதானத்துக்குப் பயன்படுத்தியதே அவரது பெருமை.

நாடு திரும்பியபோது, படைவீரருக்கென அவர் எழுதிய கைந்நூலைச் சிறுவரும் ஆசிரியரும் விரும்பிப் படிப்பதைக் கண்டார். அதைச் சிறுவருக்கு ஏற்றதாக மாற்ற எண்ணினார். ஆனால் எழுதி முடிக்கும் முன், தம் எண்ணம் நடைமுறைக்கு உதவுமா என்று பரீட்சித்துப் பார்த்தார்.

பிரவுன்சீ தீவு

1907 ஓகஸ்டில் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள பிரவுன்சீ என்ற சிறு தீவில் ஏறத்தாழ இருபது சிறுவரைக் கூட்டினார். பெரும் பாடசாலைகளின் செல்வப் பிள்ளைகளும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே கூடாரத்தில் தங்கினர். முன்னவர் ஒரு பவுணும், பின்னவர் மூன்றரைச் சிலினும் செலுத்தினர். நான்கு அணிகள் அமைந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறுவனே தலைவன்.

நாளொன்றுக்கு ஒரு பொருள் என அவர் திட்டம் வகுத்திருந்தார். ஒருநாள் கூடாரமும் முடிச்சும் சமையலும். அடுத்தநாள் கூர்ந்து நோக்கல். பின்னர் காட்டறிவு, பண்பொழுக்கம், உயிர்காத்தல், நாட்டுப்பற்று. இறுதியில் விளையாட்டுப் போட்டி. காலையில் உடற்பயிற்சியும் செபமும். மதிய உணவின்பின் கட்டாய ஓய்வு. இரவில் தீப்பாசறை; அதன்பின் செபம், உறக்கம்.

அவரது முறை எளிதானது. முதல்நாள் இரவு தீயைச் சுற்றியிருந்து ஒரு கதை; மறுநாட் காலை அதைச் செய்துகாட்டல்; பிற்பகலில் அதையே போட்டியாக்கல். பிரசங்கம் குறைவு, செயல் அதிகம்.

ஒவ்வோர் இரவும் ஓர் அணி மற்றவரை விட்டுத் தனியே சென்று, தன் உணவைத் தானே சமைத்து, காவலர் நிறுத்தித் தங்கியது. தளபதி தாமே இருளில் பதுங்கிவந்து அவர்களின் விழிப்பைச் சோதிப்பார். அச்சிறுவர் அஞ்சியிருக்கலாம், ஆனால் காலையில் தம் அச்சத்தைத் தாமே வென்றவராகத் திரும்பினர்.

உலகமும் எமது நாடும்

1908இல் அவருடைய நூல் பகுதி பகுதியாக வெளிவந்தது. சாரணியம் நாடெங்கும் தானாகவே பரவியது. 1912இல் மாத்தளையில் எமது நாட்டின் முதற் சாரணர் குழு தோன்றியது. 1921இலும் 1934இலும் அவரே இலங்கை வந்து சென்றார். சிறுபிள்ளைகளுக்குப் பெரியவரின் திட்டம் பொருந்தாது என்றுணர்ந்து, 1916இல் அவர்களுக்கெனக் குருளைச் சாரணியத்தை வகுத்தார்.

ஒவ்வொரு சாரணனும் தன் சமயத்தில் உறுதியாய் நிற்கவேண்டும் என்பது அவர் கொள்கை. தாபகர் கத்தோலிக்கர் அல்லர் என்பதால் பிரான்சில் திருச்சபையினர் சிலர் ஐயுற்றனர். யேசுசபைக் குருவான அருட்தந்தை ஜாக் செவன் 1913இல் இங்கிலாந்து சென்று அவரைச் சந்தித்து, சாரணியம் நற்செய்தியோடு இணங்குவதைக் கண்டார். 1920இல் பிரெஞ்சுக் கத்தோலிக்க சாரணியம் உருவாக முன்னின்றார். 2012இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தது.

பெற்றோருக்கும் பொறுப்பாளருக்கும்

எமது பாசறைகளுக்கு இவ்வாழ்வு வழிகாட்டுகின்றது. குருளைகளுக்கு ஓரிரவு போதும். கோவில் வளவோ பாடசாலை மைதானமோ போதும். கட்டில்லாக் கிணறு அருகில் இல்லாத, கண்ணிவெடி அபாயம் இல்லையென உறுதியான நிலமாக இருக்கட்டும். எந்நேரமும் இரு பெரியவராவது உடன் இருக்கட்டும். நண்பகல் வெயிலில் ஓய்வு. சோளகக் காற்று வீசும் பக்கம் பார்த்துத் தீ மூட்டல். நல்ல சமாரியனின் கதையை இரவிற் சொல்லி, காலையில் கழுத்துத் துண்டால் கட்டுப்போடப் பழக்கி, பிற்பகலில் காயப்பட்டவனைத் தூக்கும் ஓட்டம் வைத்தால் அதுவே சிறந்த மறைக்கல்வி. பூசையோ செபமோ இன்றி நாள் தொடங்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு பிள்ளைக்கும் அவன் செய்யாவிட்டால் குறைபடும் ஒரு வேலையைக் கொடுங்கள். தண்ணீர்க் குடமாயினும் சரி, கொடிக்கயிறாயினும் சரி.

பேடன் பவல் 1941 சனவரி 8ஆம் நாள் கென்யாவின் நியேரியில் தமது 83ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். அவரது கல்லறையில் ஒரு வட்டமும் நடுவே ஒரு புள்ளியும் பொறிக்கப்பட்டுள்ளன. வழித்தடக் குறிகளில் அதன் பொருள், வீடு திரும்பிவிட்டேன் என்பதாகும். எமது பிள்ளைகளும் பாசறை முடிந்து வீடு திரும்புவர். போனதைவிடச் சற்று வளர்ந்தவராகத் திரும்புவர். இரவு என்பது ஓடி ஒளிவதற்கு மட்டுமன்று, இறைவன் படைத்த நட்சத்திரங்களை நோக்கி மகிழ்வதற்கும் உரியதென அவர்கள் அறியட்டும்.