பாதரசம் முதல் பிளாட்டினம் வரை: ஆச்சார்ய பி.சி. ராய்

கொல்லிமலை அடிவாரத்துக்காரர்களுக்கு சித்த மருந்து புதிதல்ல. பாதரசம், செம்பு, தங்கம் எல்லாம் பற்பமாகவும் செந்தூரமாகவும் உடம்புக்குள் போவதை நம்ம ஊர்ப் பெரியவங்க சொல்லக் கேட்டே வளர்ந்தோம். கெமிஸ்ட்ரி லேபுக்குள் வந்ததும் அதைக் கட்டுக்கதை என்று ஒதுக்கியவர்களும் உண்டு. கண்ணை மூடி நம்பினவர்களும் உண்டு. உலோகத்தையும் மருந்தையும் தராசில் வைத்துப் பார்த்தவர் ஆச்சார்ய பிரபுல்ல சந்திர ராய்.

1861 ஆகஸ்ட் 2-ல், இன்றைய வங்கதேசத்திலுள்ள ராருலி கிராமத்தில் பிறந்தார். சிறுவயதில் வந்த கடும் வயிற்றுக்கடுப்பால் பள்ளியை விட்டு நிற்க நேர்ந்தது. உதவித்தொகை பெற்று 1882-ல் எடின்பரோ போனவர், 1887-ல் டி.எஸ்சி. ஆனார். ஆனால் வெள்ளைக்காரர்களுக்கென்றே இருந்த உயர்பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. 1889-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் மாதம் 250 ரூபாய்க்குத் தற்காலிக வேலையில் சேர்ந்தார்.

அந்தக் காலத்தில் கலோமல் என்ற பாதரச உப்பு பேர்பெற்ற மருந்து. அதைத் தயாரிக்கும் வழி தேடி, பாதரசத்தின் மேல் நீர்த்த நைட்ரிக் அமிலத்தை ஊற்றி வைத்தார். மஞ்சள் படிகங்கள் படிந்தன. அதுதான் மெர்குரஸ் நைட்ரைட். 1896-ல் வெளியான அந்த ஆய்வு அவரை உலகறியச் செய்தது. கூடவே பழைய ரச நூல்களைத் தேடிப் படித்து, இந்து ரசாயன வரலாற்றை 1902, 1909 ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக எழுதினார். 700 ரூபாய் முதலில் பெங்கால் கெமிக்கல்ஸை ஆரம்பித்தவரும் அவரே.

அறுபதை ஒட்டிய வயதில் பிளாட்டினத்தைக் கையில் எடுத்தார். கந்தகம் கொண்ட கரிமச் சேர்மங்களோடு அது எப்படிச் சேருகிறது, அதன் வாலன்சி எப்படி மாறுகிறது என்று 1920-களில் ஆராய்ந்தார். இதனால் என்ன பிரயோஜனம் என்று அன்று யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்வது கஷ்டம். 1944 ஜூன் 16-ல் காலமானார்.

1965-ல் அமெரிக்காவில் ரோசன்பெர்க் குழுவினர் பாக்டீரியா மேல் மின்சாரம் செலுத்திப் பார்த்தபோது, செல்கள் பிரியாமல் நீண்டுகொண்டே போயின. காரணம் மின்சாரமல்ல, மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினம்! அதன் வழியே வந்ததுதான் சிஸ்பிளாட்டின். 1978-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, விதைப்பை, சினைப்பைப் புற்றுநோய்களுக்கு மருந்தானது. பிளாட்டினம் டி.என்.ஏ.வைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் உடம்பிலுள்ள கந்தகச் சேர்மங்கள் அதை வழியிலேயே மடக்கிவிடுவதும் உண்டு; மருந்து சிலருக்குப் பலிக்காமல் போக அதுவும் ஒரு காரணம். ராய் புற்றுநோய் மருந்து தேடியவரல்லர். ஆனாலும் அவர் துருவிய பிளாட்டினம்–கந்தக உறவு இன்று உயிர்ப் பிரச்சினை.

இன்று தமிழ்நாட்டுக் கல்லூரி லேப்களில் செம்பு, ருத்தீனியம் கூட்டுச் சேர்மங்களைப் புற்றுச் செல்கள் மேல் சோதிக்கும் தம்பி தங்கைகள் ஒன்றை மறக்க வேண்டாம். தட்டில் செல் செத்தால் மட்டும் மருந்தாகிவிடாது. நல்ல செல்லை விட்டுவைக்கிறதா, அளவு என்ன என்றும் பார்க்கணும். பாதரசம் மருந்தென்று கொண்டாடப்பட்டு, பிறகு விஷமென்று கைவிடப்பட்ட கதையும் அதைத்தான் சொல்கிறது.

பழைய மாணவர்களான நமக்கும் ஒரு சேதி உண்டு. கல்யாணம் செய்துகொள்ளாத ராய், 1921-ல் அறுபது வயது நிறைந்ததும் சம்பளம் முழுவதையும் பல்கலைக்கழகத்துக்கே விட்டுக்கொடுத்தார். சயின்ஸ் காலேஜிலேயே ஓர் அறையில் தங்கி, 75 வயதுவரை பாடம் நடத்தினார். படித்த இடத்துக்கு நாம் திருப்பித் தருவது எவ்வளவு என்று ஆளுக்கொரு கணக்குப் போட்டுப் பார்க்கலாமே!