காணாமல் வரைந்த காண்டாமிருகம்

ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் 1471ஆம் ஆண்டு பிறந்தவர் அல்பிரெக்ட் டியூரர். தந்தை பொற்கொல்லர். மகனும் அதே தொழிலைச் செய்வான் என்று எதிர்பார்த்தார். ஆனால், 13 வயதிலேயே கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து வரைந்த பிள்ளைக்கு ஓவியத்தில்தான் நாட்டம். மனத்தாங்கலோடு தந்தை சம்மதிக்க, 1486இல் மைக்கேல் வோல்கெமூட் என்ற ஓவியரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார்.

பட்டறைகளில் மாணவர்கள் ஆசிரியரின் படங்களைப் பார்த்து வரைந்தே தொழில் கற்ற காலம் அது. டியூரரோ இயற்கையையே பெரிய ஆசிரியராகக் கருதினார். கலை இயற்கைக்குள் பொதிந்திருக்கிறது, அதை வெளியே எடுக்கத் தெரிந்தவரே கலைஞர் என்பது அவரது கொள்கை.

1502இல் அவர் வரைந்த முயலைப் பார்த்தால் இது புரியும். உரோமம் எங்கே எந்தப் பக்கம் படிந்திருக்கிறது என்பதுகூடத் தெரியும். அதன் கண்ணில் சன்னலின் நிழல் விழுந்திருக்கும். மறு ஆண்டு, யாரும் மிதித்துப் போகும் ஒரு புல்திட்டை வரைந்தார். அதிலுள்ள செடிகள் பலவற்றை இன்றும் பெயர் சொல்லி அடையாளம் காணலாம்.

இத்தகையவரும் ஒருமுறை சறுக்கினார். குஜராத் சுல்தான் போர்த்துகீசியருக்குப் பரிசளித்த காண்டாமிருகம், 1515இல் கப்பலில் லிஸ்பன் சென்று சேர்ந்தது. டியூரர் அதைப் பார்க்கவில்லை. கைக்குக் கிடைத்த ஒரு வரைபடத்தையும் வர்ணனையையும் நம்பி மரச்செதுக்குப் படமாக வெளியிட்டார். தோல் போர்க்கவசம்போல் அமைந்தது. முதுகில் இல்லாத கொம்பு ஒன்று முளைத்தது. ஐரோப்பா அதையே உண்மை என்று 200 ஆண்டுகளுக்கும் மேலாக நம்பியது.

1520இல் நெதர்லாந்துப் பகுதியில் பயணம் செய்தபோது, சீலாந்தில் திமிங்கலம் கரை ஒதுங்கியதாகக் கேள்விப்பட்டார். இம்முறை நேரில் பார்த்துவிடக் கடுங்குளிரில் படகேறினார். வழியில் புயலில் சிக்கி உயிர் தப்பினார். போய்ச் சேர்ந்தபோது கடல் திமிங்கலத்தை இழுத்துச் சென்றிருந்தது. அங்கே பற்றிய நோய்தான் மிச்சம். 1528இல், 56 வயதில் காலமானார். மனித உடலின் அளவுகளைப் பற்றி அவர் எழுதிய நூல் அதே ஆண்டு வெளிவந்தது.

முயலையும் காண்டாமிருகத்தையும் வரைந்தது ஒரே கைதான். ஒன்றைக் கண்ணால் கண்டார். மற்றதைக் காதால் கேட்டார். மாணவர்களே, அறிவியல் பாடத்திற்கு அடுத்த முறை இலை வரையும்போது, பாடநூலை மூடிவிட்டு ஓர் இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள்.