பொதுவழி திறந்த இரட்டைமலை சீனிவாசனார்

செங்கற்பட்டுச் சீமையில் கோழியாளம் என்னும் சிற்றூரிற் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசனார். பண்டித அயோத்திதாசருக்கு மைத்துனர். பிறர் இழிவெனக் கருதிய குலப்பெயரையே தலைப்பாகச் சூட்டி, 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். பின்னர்ப் பல்லாண்டு தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்து தாயகம் மீண்டார்.

1923இல் சென்னைச் சட்டசபையின் நியமன உறுப்பினரானார். பொதுத் தெருவில் நடக்கவும் பொதுக் கிணற்றில் நீர் மொள்ளவும் நம்மவர் தடுக்கப்பட்ட காலம் அது. தெரு, கிணறு, குளம், அரசாங்க அலுவலகம் யாவும் எல்லா வகுப்பாருக்கும் உரியன என்னும் தீர்மானத்தை 1924இல் கொண்டுவந்து நிறைவேற்றினார். அவ்வாண்டே அஃது அரசாணையும் ஆயிற்று. ஊர்கள் உடனே திருந்திவிடவில்லை. எனினும், வழிமறிப்போர்முன் எடுத்துக்காட்ட ஓர் ஆணை நம் கைக்குக் கிட்டியது.

1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் டாக்டர் அம்பேத்கருடன் அமர்ந்து நம்மவர் உரிமைக்கு வாதாடினார். ஆயினும், 1935இல் அம்பேத்கர் இந்து மதத்தை விட்டு நீங்கப்போவதாக அறிவித்தபோது இவர் உடன்படவில்லை. நாம் இந்துக்களே அல்லோம், ஆதலின் மதம் மாற வேண்டுவதில்லை என்பது இவர் கொள்கை. 1945இல் மறைந்தார்.

நாமோ தம்மத்தைச் சரணடைந்தோம்; அவ்வளவில் அவரினின்றும் வேறுபடுகின்றோம். எனினும், விகாரைக்கு நாம் தலைநிமிர்ந்து செல்லும் பொதுவழியில் அவர் உழைப்பும் கலந்துள்ளது. கருத்து வேறுபட்டாரிடத்தும் நன்றி மறவாமை தம்மமேயாம்.